சில்வண்டைக் கொன்றவன்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. டிஸ்னியின் பினோக்கியோ படத்தை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை. போன வாரம் மூலக்கதையின் முழு மொழிபெயர்ப்பை வாங்கி, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டத் தொடங்கினேன். நான்காம் அத்தியாயத்தில் அந்த மரப்பொம்மை சுத்தியலை வீசிப் பேசும் சில்வண்டைக் கொன்றுவிடுகிறது. மகள் அழுதுவிட்டாள். "நீ தப்பான புத்தகம் வாங்கிட்டம்மா" என்கிறாள். குழந்தைகளுக்கு இப்படியா எழுதுவார்கள்? படம் எடுத்தவர்கள் கதையைத் திருத்தினார்களா, கெடுத்தார்களா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் மகளுக்கு ஒரு நல்ல செய்தி. சில்வண்டு திரும்ப வரும். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஆவியாக வந்து புத்தி சொல்லும், கடைசி அத்தியாயத்தில் உயிரோடேயே இருக்கும். எப்படிப் பிழைத்தது என்றெல்லாம் மூலக்கதையை எழுதிய இத்தாலியர் கொல்லோடி விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பதினைந்தாம் அத்தியாயத்தில் நரியும் பூனையும் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிடுகின்றன. 1881இல் ரோமிலிருந்து வந்த சிறுவர் இதழில் தொடராக எழுதியபோது கொல்லோடி அதோடு கதையை முடித்தேவிட்டார். வாசித்த பிள்ளைகள் விடவில்லை. மறு ஆண்டு தொடர்ந்து எழுதி, 1883இல் புத்தகமாக்கினார்.

இனி உங்கள் கேள்வி. சில்வண்டு செத்த மறு அத்தியாயத்திலேயே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பசி. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று ஓடிப்போய்ப் பானையைத் திறக்கப் பார்க்கிறான். அது சுவரில் வரைந்த பானை. ஏமாற்றத்தில் அவன் மூக்கு நான்கு விரற்கடை நீள்கிறது. பொய் சொன்னதால் நீளவில்லை, பசியால் நீள்கிறது. பொய்க்கு மூக்கு நீள்வது பதினேழாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. படம் அதை மட்டும் எடுத்துக்கொண்டது, உலகமும் அதை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு முட்டை கிடைக்கிறது. உடைத்தால் உள்ளேயிருந்து கோழிக்குஞ்சு வந்து நன்றி சொல்லிவிட்டுப் பறந்துபோகிறது. (இந்த இடத்தில் மகள் சிரிப்பாள்.) நனைந்த கால்களைக் கணப்பில் வைத்துக்கொண்டே தூங்கிப்போக, மரக்கால்கள் கரியாகிவிடுகின்றன. மறுநாள் வீடு திரும்பும், அவனைச் செதுக்கிய அப்பா ஜெப்பெட்டோ தன் காலை உணவுக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காய்களைக் கொடுக்கிறார். தோல் சீவித் தந்தால்தான் தின்பேன் என்கிறான் பையன். சீவித் தருகிறார். மூன்றையும் தின்றபின் பசி அடங்காமல் அந்தத் தோலையும் தின்கிறான், நடுவிலிருக்கும் கொட்டைப் பகுதியையும் தின்கிறான். புத்தி சொல்ல வந்த சில்வண்டைக் கொன்றவனுக்குப் புத்தி சொல்வது வயிறுதான். கொல்லோடி காட்டும் இத்தாலி ஏழைகளின் இத்தாலி. ஜெப்பெட்டோ குளிர்காலத்தில் மேல்சட்டையை விற்றுத்தான் பையனுக்கு அரிச்சுவடி வாங்குகிறார். அவனோ அதை விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போகிறான்.

இந்தப் பையனை வைத்துப் படம் எடுக்க டிஸ்னியும் முயன்றார். 1938இல் பாதியில் வேலையை நிறுத்திவிட்டார். மரக்கட்டை போல விறைத்து, துடுக்குத்தனம் செய்துகொண்டு திரியும் பொம்மை மேல் யாருக்கும் பிரியம் வராது என்று அவருக்குப் பட்டது. பிறகு மில்ட் கால் என்ற ஓவியர் முதலில் ஒரு சாதாரணச் சிறுவனை வரைந்து, அவனுக்கு மர மூட்டுகளைப் பொருத்தினார். 1940இல் நாம் பார்த்தது அந்தச் சிறுவனைத்தான். புத்தகத்தில் சுவரோடு நசுங்கிய சில்வண்டு, தொப்பியும் குடையுமாக ஜிமினி என்ற பெயரில் கூடவே நடக்கத் தொடங்கியது.

அதோடு கதையின் கணக்கே மாறிவிட்டது. படத்துப் பினோக்கியோ இன்றைக்குத்தான் பிறந்தவன், அப்பாவி. தப்பெல்லாம் அவனை ஏய்ப்பவர்களுடையது. மனசாட்சி வெளியே குடை பிடித்து நடக்கிறது. முடிவும் அப்படித்தான். படத்தில் அப்பாவைக் காப்பாற்றி உயிரைவிட்டதும் தேவதை அவனை நிஜப் பையனாக்குகிறாள். புத்தகத்தில் நோயாளி அப்பாவுக்கு ஒரு தம்ளர் பால் வேண்டுமென்றால் கிணற்று ராட்டினம் சுற்றி நூறு வாளி தண்ணீர் இறைக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கும் மேலாக விடியுமுன் எழுந்து இறைக்கிறான். அந்த ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கழுதைதான் அவனுடைய பழைய சேக்காளி. அது அவன் கண்ணெதிரே சாகிறது. படத்திலும் அந்தத் தோழன் கழுதையாகும் காட்சி இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்புறம் அவன் என்ன ஆனான் என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்குப் பிடித்தது 1972இல் இத்தாலியத் தொலைக்காட்சிக்காக இயக்குநர் கொமென்சினி எடுத்த பினோக்கியோ தொடர். அதில் பொம்மை ஆரம்பத்திலேயே சதையும் ரத்தமுமான பையனாகிவிடுகிறான். சேட்டை செய்தால் தேவதை மறுபடி மரமாக்கிவிடுவாள். மூலத்தில் இல்லாத ஏற்பாடுதான். ஆனால் பசியும் குளிரும் மூலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. 2022இல் இயக்குநர் கில்லெர்மோ தெல் தோரோ முசோலினி காலத்து இத்தாலிக்குக் கதையைக் கொண்டுபோய், சொல்பேச்சுக் கேட்காததையே பையனின் நல்ல குணமாக ஆக்கினார். அழகான படம், ஆனால் அந்தப் பையன் கொஞ்சம் சீக்கிரமே நல்லவனாகிவிடுகிறான்.

ஆகவே புத்தகம் தப்பானதில்லை. ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். மகளுக்குப் படத்துப் பையனை ஏற்கனவே தெரியும். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தைரியமாகத் தொடருங்கள். ஏழாம் அத்தியாயம் வாசிக்கிற அன்று வீட்டில் மூன்று பேரிக்காய் இருக்கட்டும். சீவ வேண்டாம்.