டிரான்ஸ்ஃபர் கேட்டு நீங்களே கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் அக்காள் மகனுக்கு 15 வயது, கிரேடு 9 படிக்கிறான். அக்காளின் இரண்டாவது புருஷன் பெல்ட்டால் அடித்து அடித்தே வளர்த்த பிள்ளை. இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறான். இங்கே அவன்மேல் யாரும் கை வைப்பதில்லை. அக்காளும் சின்ன மகளும் இன்னும் அந்த வீட்டில்தான். இப்போது பார்த்து இவன் பள்ளியில் சண்டை போடுகிறான், கணக்கில் ஃபெயில் ஆகிறான், போன வாரம் வாத்தியாரையே தள்ளிவிட்டான். "நீங்களே டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்" என்கிறார் பிரின்சிபல். தெரிந்த ஒருவர் 3,000 ரேண்ட் கொடுத்தால் டாக்டர் லெட்டர் வாங்கித் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பள்ளியை மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள் அம்மா, இப்போதைக்கு வேண்டாம். அந்த 3,000 ரேண்டையும் கொடுக்காதீர்கள்.

"இங்கே யாரும் அடிப்பதில்லையே, பிறகு ஏன்?" என்பதுதான் உங்கள் மனக்கஷ்டம் என்று புரிகிறது. அடிபட்ட வீட்டில் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறான். கதவில் சாவி திரும்பும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அடக்கி வைத்ததெல்லாம் பயம் தெளிந்த இடத்தில்தான் வெளியே வரும், அதுவும் பருவ வயதில் வந்தால் வேகமாக வரும். உங்கள் வீட்டில் அவன் கெட்டுப்போகவில்லை.

அந்த வாத்தியார் விஷயத்தைக் கொஞ்சம் விசாரியுங்கள். பின்னாலிருந்து வந்து தோளில் கை வைத்தாரா? குரலை உயர்த்தினாரா? இப்படிப்பட்ட பிள்ளைக்கு யோசிப்பதற்கு முன்னால் கை போய்விடும். தள்ளியது சரி என்று நான் சொல்லவில்லை. அவனை கடைசி வரிசை ஓரத்தில், சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, கூப்பிடும்போது முகத்துக்கு நேராக வந்து கூப்பிட்டால் பாதிச் சண்டை குறையும். இதற்கு ஒரு சென்ட் செலவில்லை. எந்தப் பள்ளியும் தானாகச் செய்வதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கணக்கில் ஏன் விழுகிறான்? வரலாற்றில் ஒரு பத்தி விட்டுப்போனாலும் அடுத்ததைப் படித்துவிடலாம். அல்ஜீப்ராவில் நடுவில் ஒரு படி தவறினால் மிச்சமெல்லாம் போச்சு. ராத்திரி சரியாகத் தூங்காமல், வகுப்பில் யார் எங்கே நகர்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் மூளையில் அந்தப் படிகள் நிற்காது. இதைப் பார்த்து "கவனக் குறைவு நோய்" என்று மாத்திரை எழுதுகிறவர்களும் உண்டு. வீட்டுக் கதையை முழுக்கக் கேட்காமல் எழுதித் தரும் மாத்திரையை வாங்காதீர்கள்.

இப்போது டிரான்ஸ்ஃபர். 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி, விசாரணை நடத்திய பிறகு பள்ளி நிர்வாகக் குழு அதிகபட்சம் 7 பள்ளி நாள்கள் சஸ்பெண்ட் செய்யலாம். நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மட்டுமே உண்டு, பிரின்சிபலுக்குக் கிடையாது. அதனால்தான் "நீங்களே" என்கிறார். கட்டாயக் கல்வி வயதில் உள்ள பிள்ளையை நீக்கினால் வேறு பள்ளி ஏற்பாடு செய்வது துறையின் பொறுப்பு. நீங்களாகக் கையெழுத்துப் போட்டு வெளியேறினால் அந்தப் பொறுப்பு யார் தலையிலும் இல்லை. கட்டாயக் கல்வியோ 15 வயது அல்லது கிரேடு 9, எது முதலில் வருகிறதோ அந்த வருஷத்தோடு முடிகிறது. உங்கள் பையன் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறான். ஜனவரியில் புது வகுப்பு தொடங்கும்போது எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று தேடி ஒருவரும் வரமாட்டார்கள்.

பதிலுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "பள்ளியின் ஸ்கூல் பேஸ்டு சப்போர்ட் டீம் (பள்ளிக்குள்ளேயே உள்ள மாணவர் உதவிக் குழு) இவனுக்குத் தேவையான உதவியை மதிப்பிட வேண்டும்." 2014 முதல் இதற்கென்றே அரசுக் கொள்கை இருக்கிறது, படிவமும் இருக்கிறது. நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப்பும் காற்றோடு போகும்.

லெட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறவர் முதலில் யார்? மனநல நிபுணர் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் துறைப் பதிவுக் கவுன்சிலிலும், சமூகப் பணியாளர் அவர்களுக்கான கவுன்சிலிலும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், இந்த ஆசாமிகள் அதோடு காணாமல் போவார்கள். பையனைப் பார்க்காமலே எழுதிய லெட்டர் குப்பை. செய்வினை எடுக்கிறேன் என்று எலுமிச்சம்பழமும் பில்லும் நீட்டுகிறவர்களும் இதே ரகம். பையனே ஆசைப்பட்டுக் காவடி எடுத்தால் எடுக்கட்டும், அது வேறு. ஆனால் "குடும்ப மானம், பேசி முடிப்போம்" என்று வரும் பெரிய மனிதர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர்கள் பேசி முடிப்பது எப்போதும் அடித்தவனுக்குச் சாதகமாகத்தான்.

உண்மையான சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள், நீங்களும் கூட உட்கார வேண்டியிருக்கும். கிளினிக்கில் ரெஃபரல் வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காத்திருக்க வைப்பார்கள். இன்றே பெயரைப் பதியுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது, அந்தச் சின்னப் பெண். பையன் தப்பித்துவிட்டான், பழைய கதை என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் அங்கே இருக்கும்வரை அது பழைய கதை இல்லை. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பிள்ளை காயப்படும் அளவுக்கு அடிபடுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் ஆசிரியர், டாக்டர், சமூகப் பணியாளர், ஏன், கோயில் குருக்கள்கூடப் புகார் செய்தே ஆகவேண்டும். உங்களைப் போன்ற உறவினருக்குக் கட்டாயம் இல்லை, செய்யலாம். நல்லெண்ணத்தில் செய்தால் பின்னால் வழக்கு வருமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் பாலியல் தொந்தரவு நடப்பது தெரிந்தால் இந்த "லாம்" எல்லாம் இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிந்த எவரும் உடனே போலீசில் சொல்லவேண்டும், மறைத்தால் மறைத்தவர்மேல் குற்றம். அவளைக் கூப்பிட்டு "அவர் உன்னை இப்படிச் செய்தாரா?" என்று நீங்களே தோண்டாதீர்கள், போனில் பதிவும் செய்யாதீர்கள். சொல்ல வந்தால் கேளுங்கள், அவள் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்.

அக்காள் "அடியாத மாடு படியாது" என்பாள். பெற்றவர் அடித்தாலும் "கண்டிக்கத்தான் அடித்தேன்" என்ற சாக்கு சட்டத்தில் செல்லாது என்று 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள்.

116க்குப் போன் செய்யுங்கள், சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி எண், கட்டணம் இல்லை. முதல் தடவை எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடியுங்கள். பேசியவரின் பெயரையும் ரெஃபரன்ஸ் நம்பரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள்.