டயரில் அச்சிட்டிருக்கும் எண் உங்கள் காருக்கானது அல்ல

கே: ஹூண்டாய் ஐ20 என் லைன் கார் வைத்திருக்கிறேன், டயர் 195/55 ஆர்16. பங்க்கில் காற்று 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடிக்கிறார்கள். சர்வீஸிலிருந்து வந்தபோது 40 இருந்தது. டயரில் ‘மேக்ஸ் 51 பிஎஸ்ஐ’ என்று போட்டிருக்கிறது. எதை வைத்துக்கொள்வது? (சேலம்)

ப: மூன்றையும் விடுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். காரின் எடைக்கும் டயர் சைஸுக்கும் ஏற்பக் காரைச் செய்தவர்கள் வகுத்த அளவு அது. 51 என்பது அந்த டயரின் உச்சவரம்பு. அதே டயர் நாலு விதமான கார்களில் ஓடும், அதனால் உங்கள் காருக்கு எவ்வளவு என்று அதில் எழுத முடியாது.

ஸ்டிக்கர் அளவு குளிர்ந்த டயருக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பங்க் தூரமென்றால் காலையில் வீட்டிலேயே அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் 33, வீட்டில் 29 என்றால் குறை 4. பங்க் போய்ச் சேரும்போது டயர் சூடேறி 31 காட்டினால், அதோடு 4 சேர்த்து 35 வரை நிரப்புங்கள். இதற்குச் சொந்தக் கேஜ் அவசியம். மலிவானதை வாங்காதீர்கள், நான் முதலில் வாங்கிய டிஜிட்டல் கேஜ் 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டியது, கொடுத்த பணம் வீண்.

கே: நெடுஞ்சாலையில் போனதும் 33 என்பது 37 ஆகிவிடுகிறது. இறக்கிவிடலாமா?

ப: கூடாது. சூட்டில் 33-க்கு இறக்கினால், ஆறியதும் 29-க்கு வந்து நிற்கும்.

கே: டிபிஎம்எஸ் விளக்கு (டயரில் காற்றுக் குறைந்தால் எச்சரிப்பது) எரியவில்லை, அதனால் ஆறு மாதமாகக் காற்றுப் பார்க்கவில்லை. பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? நல்ல டயரிலேயே மாதம் 1 பிஎஸ்ஐ அளவுக்குக் கசியும். அந்த விளக்கு கணிசமாகக் குறைந்த பிறகுதான் எரியும். இன்றைக்கே பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

கே: நைட்ரஜன் அடித்தால் கிரிப் கூடும், சூட்டில் பிரஷர் ஏறாது என்று சக்கரத்துக்கு 50 ரூபாய் வாங்கினார்கள். இனி சாதா காற்றைக் கலக்கவே கூடாதாம். உண்மையா? (மதுரை)

ப: இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சூடேறினால் அதுவும் காற்றைப் போலவே விரியும். 5 அல்லது 6 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ. அதன் உண்மையான நன்மை ஈரம் இல்லாதது. சரியாகப் பராமரிக்காத கம்ப்ரஸரில் தண்ணீர் தேங்கி, காற்றோடு டயருக்குள் போகும். அது ஆவியாகும்போது பிரஷர் கணக்கு தப்பும். பந்தயக் கார்க்காரர்கள் நைட்ரஜனைத் தேடுவதற்கு அது ஒரு காரணம். ஆபீஸுக்குப் போய்வரும் காருக்கு இதில் எதுவும் தெரியப்போவதில்லை.

பணம் போனது கூடப் பெரிதல்ல. ‘கலக்கக் கூடாது’ என்ற பொய்தான் ஆபத்து. அதை நம்பி, நைட்ரஜன் கடை கண்ணில் படும்வரை 25 பிஎஸ்ஐயில் ஓட்டுகிறார்கள். காற்றுக் குறைந்த டயரின் சைடுவால் (பக்கச் சுவர்) மடங்கி மடங்கிச் சூடாகி, வேகத்தில் வெடிக்கும். தாராளமாகக் கலக்கலாம். பெட்ரோல் பங்க்கில் காற்றை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

கே: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டே, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள். அதே ஐ20 என் லைனுக்கு எவ்வளவு வைக்கலாம்?

ப: ஸ்டிக்கர் அளவில் குளிராகத் தொடங்குங்கள். ஒவ்வொரு டயரிலும், ரோட்டைத் தொடும் ட்ரெட்டின் விளிம்பில் சைடுவாலுக்கு இறங்கும்படி சாக்பீஸ் கோடு போடுங்கள். நாலைந்து சுற்று ஓட்டிப் பிட்டுக்கு வந்த உடனே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கோடு சைடுவால் வரை அழிந்திருந்தால் காற்றுக் குறைவு. ட்ரெட் விளிம்பிலேயே கோடு மிச்சமிருந்தால் அதிகம், 1 அல்லது 2 பிஎஸ்ஐ இறக்குங்கள். சூட்டில் இறக்கினாலும் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

முன்சக்கரம் இழுக்கும் கார் இது. வளைவில் மூக்கு வெளியே தள்ளினால் பின்டயரில் 2 பிஎஸ்ஐ ஏற்றிப் பார்க்கலாம், திரும்புவது கூர்மையாகும். ஆனால் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கும். அந்த அமைப்போடு ஊட்டி மலைப்பாதையில் ஏறாதீர்கள். முக்கியமாக, டயர் ஆறியதும் மறுபடி ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்பிவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள். சூட்டில் இறக்கியதை மறந்து நெடுஞ்சாலையில் போவதுதான் பலர் செய்யும் தவறு.

கே: ‘புது டயர், அதே சைஸ்’ என்று நாலு மாட்டினார்கள். வீட்டில் பார்த்தால் 195/50 ஆர்16, 84வி, தேதி 1420. பழையது 87வி. கேட்டால், ‘காற்றைக் கூட்டி வையுங்கள், சரியாகிவிடும்’ என்கிறார்கள். (திருச்சி)

ப: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நம்பிக் கேட்டீர்கள், ஏமாற்றிவிட்டார்கள். 1420 என்றால் 2020-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்தது. 87 குறியீட்டுக்கு ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 84-க்கு 500 கிலோ. உச்ச எடையைக் காற்றால் உயர்த்த முடியாது. 55-க்குப் பதில் 50 என்பதால் விட்டமும் சுமார் 20 மில்லிமீட்டர் குறைவு, ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் கூட்டிக் காட்டும்.

நாலு சைடுவாலையும் எண்கள் தெரிய இன்றே படமெடுங்கள். பில்லோடு சேர்த்து, மாற்றித் தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதுவரை அந்த டயர்களில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வெளியூர் போகாதீர்கள்.