ஒற்றை இருக்கைக் கிளைடரை (எஞ்சின் இல்லாத விமானத்தை) வீட்டில் கட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது? இறக்கையின் குறுக்குவெட்டிலிருந்தா?

பதில்: எடையிலிருந்து தொடங்குங்கள். விமானி 80 கிலோ, கிளைடர் 100 கிலோ, இறக்கைப் பரப்பு 10 சதுர மீட்டர், அதிகபட்ச உயர்த்துவிசைக் குணகம் (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.4 என்று கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 52 கிலோமீட்டருக்குக் கீழே அது மட்டமாகப் பறக்க இயலாது. எடை கூடாமல் பரப்பை 13 சதுர மீட்டராக்கினால் அந்த வரம்பு 45 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும். வலுவற்ற வெப்பக்காற்றில் (சூடாகி மேலெழும் காற்றில்) எவ்வளவு சிறிய வட்டம் அடிக்கலாம் என்பதையும் தரையிறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. ஜிம் மாப்பின் வடிவமைத்த 'கார்பன் டிராகன்' கிளைடர் மிக மெதுவாகப் பறப்பதற்கு அதன் வெற்று எடை 70 கிலோவுக்கும் குறைவாக இருப்பது முக்கியக் காரணம்.

கேள்வி: மர ஸ்பாரின் (இறக்கையின் நீளத்துக்கு ஓடிச் சுமையைத் தாங்கும் உத்தரத்தின்) மேல், கீழ்ப் பட்டைகள் ஒரே தடிமனில் இருக்கலாமா?

பதில்: கூடாது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் இழுவிசையைத் தாங்குவதில் ஏறத்தாழ பாதியளவே அமுக்கத்தைத் தாங்கும். பறக்கையில் அமுக்கப்படுவது மேல் பட்டை என்பதால் அதுவே தடிமனாக இருக்க வேண்டும்.

கேள்வி: கணக்கு சரியாக வந்தபின்பும், இறக்கையில் மணலை ஏற்றி வலுவைப் பார்க்கும் மணல் மூட்டைச் சோதனை அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம். கணக்கு உங்கள் வரைபடத்தைத்தான் சரிபார்க்கிறது. பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய விதிகளில் பொதுப் பயன்பாட்டுக் கிளைடருக்கு எடையைப் போல் 5.3 மடங்குச் சுமை வரம்பு. மேற்சொன்ன 180 கிலோவில் இறக்கைகள் 50 கிலோ என்றால், மீதமுள்ள 130 கிலோவை 5.3 ஆல் பெருக்க 689 கிலோ வருகிறது. இறக்கையைக் கவிழ்த்து வைக்கும்போது அதன் சொந்த எடையும் அதே திசையில் அழுத்துவதால், அந்த 50 கிலோவைக் கழித்து ஏறத்தாழ 640 கிலோ மணலை இரு இறக்கைகளிலும் சேர்த்து, உடலோடு சேரும் அடிப்பகுதியில் அதிகமாகவும் நுனியில் குறைவாகவும் பரப்ப வேண்டும். சுமையை இறக்கியபின் நிரந்தர வளைவு சிறிதும் எஞ்சக்கூடாது. உடைவதற்கான வரம்பு இதைவிட 1.5 மடங்கு, ஆயினும் பறக்கப்போகும் இறக்கையை அதுவரை ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: என் எடை 55 கிலோ. வரைபடம் 80 கிலோ விமானிக்கானது. எடை குறைவது நல்லதுதானே?

பதில்: மிகவும் ஆபத்தானது. விமானி இறக்கைக்கு முன்னால் அமர்வதால், நீங்கள் ஏறினால் ஈர்ப்பு மையம் 80 கிலோ விமானி ஏறும்போது இருப்பதைவிடப் பின்னால் இருக்கும். எல்லையைத் தாண்டினால் கிளைடர் நிலைத்தன்மையை இழக்கும், ஸ்பின்னிலிருந்து (சுழன்றபடி கீழே விழும் நிலையிலிருந்து) மீட்பதும் கடினமாகும். ஒற்றை இருக்கை என்பதால் முதல் பறத்தலில் உதவப் பயிற்சியாளரும் உடன் இருக்க மாட்டார். கிளைடரை எடைபோட்டு, தேவையான ஈயத்தை மூக்குப் பகுதியில், எந்த அதிர்விலும் நகராதபடி போல்ட்டால் பிணைத்த பிறகே ஏறுங்கள்.