பிளான் பாஸ் ஆகத் தாமதம்: அந்த வட்டி யார் தலையில்?

பெங்களூரில் சிவில் இன்ஜினியராக வீட்டு பிளான் போட்டு அனுமதி வாங்கித் தருவது என் வேலை. இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கே.ஆர்.புரத்திலிருந்து: சார், 24 வீட்டு அடுக்குமாடி ஒன்று பார்த்தோம். பிளான் பாஸ் ஆக ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்று வீட்டுக்கு 10 லட்சம் ஏற்றிக் கேட்கிறார்கள். நியாயமா?

கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நிலம் 4 கோடி, கடன் வட்டி 12% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் 4 லட்சம் வட்டி. 18 மாதத்துக்கு 72 லட்சம். 24 வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 3 லட்சம். சிமென்ட், கூலி ஏற்றம் தனி. மீதி எதற்கு என்று கணக்குக் கேளுங்கள். பெரும்பாலும் அது அக்கம்பக்கத்து நில விலை ஏறியதைப் பார்த்துக் கூட்டியதாகத்தான் இருக்கும். ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வாங்குமுன் உங்களிடம் முன்பணம் கேட்டிருந்தால் அதுவே சட்டப்படி தவறு.

அல்சூரிலிருந்து: அண்ணா, 30க்கு 40 சைட்டில் சொந்த வீடு. எங்களுக்கும் இவ்வளவு இழுக்குமா?

இழுக்க வேண்டியதில்லை தம்பி. 50க்கு 80 அடி வரையிலான வீட்டு மனைகளுக்கு ‘நம்பிகெ நக்ஷே’ திட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற இன்ஜினியரோ ஆர்க்கிடெக்டோ தாமே சான்றளித்து ஆன்லைனில் ஏற்றலாம். நான் பார்த்தவரை சின்ன வீடுகள் சிக்கிக்கொள்வது காத்தாவில், அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவில்தான். முதலில் அதைச் சரிபாருங்கள்.

விவேக் நகரிலிருந்து: வாடகையும் கட்டுகிறோம், இ.எம்.ஐ.யும் கட்டுகிறோம். இரண்டு வருஷம் தாமதம். அனுமதி வரவில்லை என்று பில்டர் கைவிரிக்கிறார்.

உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது அம்மா. அவர் கைவிரிக்க முடியாது. ரேரா சட்டம் தவிர்க்க முடியாத காரணங்களாகச் சொல்வது போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவற்றை. ஆபீஸில் ஃபைல் நிற்பது அந்தப் பட்டியலில் இல்லை. வீடு வேண்டும் என்றால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம்; வேண்டாம் என்றால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். கர்நாடக ரேராவில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வரி முறையில், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு 2 லட்சத்திலிருந்து 30,000 ஆகிவிடும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து: ஓ.சி. (கட்டி முடித்த வீட்டில் குடியேறலாம் என்ற சான்று) வராத ஃபிளாட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஓ.சி. பார்த்த பிறகே கரண்ட், தண்ணீர் இணைப்புத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓ.சி. வந்தபின் வாங்கினால் ஜி.எஸ்.டி.யும் கிடையாது, அதற்கு முன் என்றால் சாதாரண ஃபிளாட்டுக்கு 5%.

அல்சூரிலிருந்தே இன்னொருவர்: நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது அக்கா. நான்கு வாடகை வீடு கட்ட நினைத்தவரின் ஃபைல் ஒரு வருஷம் நின்றால், அந்த நான்கு குடும்பமும் இருக்கிற வீடுகளுக்கே போட்டி போடும், வாடகை ஏறும். பொறுமை இழந்த சிலர் அனுமதி இல்லாமலே ஒரு மாடி ஏற்றி, அதை லீஸுக்கு விடுகிறார்கள். லட்சக்கணக்கில் லீஸ் பணம் கொடுக்குமுன் பாஸான பிளானை வாங்கி, அதில் எத்தனை மாடி என்று எண்ணிப் பாருங்கள்.