கேள்வி - பதில்

கே: பாட்டில் பேர் எடுத்தவர் நடுவயதில் முற்றிலும் வேறு தொழிலுக்குப் போய் ஜெயிக்க முடியுமா?

ப: எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் நெதர்லாந்தின் கோரி ப்ரோக்கன். டச்சு, ஜெர்மன் என்று பாடியவர். 1957-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த யூரோவிஷன் (ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி) போட்டியில் 31 புள்ளிகளுடன் முதலிடம். பாட்டின் நடுவே வயலின்காரர் மேடையிலேயே பக்கத்தில் வந்து நின்று வாசிப்பார். அம்மணி அவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அடுத்த வருடம் போட்டி அவருடைய நாட்டுக்கே வந்தது, ஹில்வெர்சமில். மறுபடி பாடினார். கிடைத்தது ஒரே ஒரு புள்ளி! கடைசி இடம், அதையும் லக்சம்பர்க்கோடு பங்கு போட்டுக்கொண்டார். நானாக இருந்தால் மைக் பக்கமே போயிருக்க மாட்டேன். அவர் சளைக்கவில்லை, பாடினார், தொலைக்காட்சியிலும் வந்தார். அப்புறம்தான் விஷயமே. நாற்பதைத் தாண்டிய பிறகு சட்டம் படிக்கப் போய்விட்டார். நடுவில் 1976-ல் ஹேக் நகரில் அதே யூரோவிஷனைத் தொகுத்தும் வழங்கினார். வக்கீலானார், பிறகு நீதிபதி. ஒரு காலத்தில் ஒன்பது நாட்டு நடுவர்கள் அவருக்கு மார்க் போட்டார்கள். கடைசியில் தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார், பாருங்கள்.