விசுவாசமும் கீழ்ப்படிதலும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமான் ஆனார் என்கிறார் பவுல், கிரியைகளால் என்கிறார் யாக்கோபு. எது சரி?

பதில்: இரண்டும் சரி, தம்பி. வயதுக் கணக்கைப் பாருங்கள். பவுல் ரோமர் 4-இல் எடுப்பது ஆதியாகமம் 15-ஐ. அப்போது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை; அவன் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. யாக்கோபு காட்டுவதோ 22-ஆம் அதிகாரத்தை, மோரியாவில் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போனதை. ஈசாக்கு பிறந்ததே அவருடைய 100-ஆவது வயதில், அப்புறம் அவன் விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்தும் விட்டான். நடுவில் இஸ்மவேலின் தாய் ஆகார் விஷயம், கேராரில் மனைவி சாராளைச் சகோதரி என்று சொன்னது, எல்லாம் இருக்கிறது. விசுவாசம் முதலில் வந்தது, அது உயிரோடிருக்கிறது என்பது மோரியாவில் தெரிய 15 வருடத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், உயிருள்ள விசுவாசம் கீழ்ப்படிதலில் தெரியும் என்ற இந்த அளவுகோலை உங்கள் மேல் வையுங்கள், போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவர் மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்ளன் எதற்குக் கீழ்ப்படிந்தான்?

பதில்: லூக்கா 23-ஐ முழுசாகப் படியுங்கள். மற்றவனைக் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயம் என்று ஒத்துக்கொண்டான், இயேசுவிடம் கேட்டான். அந்த நிலையில் அவனிடம் மிச்சமிருந்தது நாக்கு மட்டும்தான், அதைக் கொடுத்தான்.

கேள்வி: தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காதவன் விசுவாசம் பொய் என்கிறார் எங்கள் போதகர்.

பதில்: தசமபாகம் தனித் தலைப்பு, இன்று வேண்டாம். யாக்கோபு 2-இல் வரும் உதாரணம் காணிக்கைப் பெட்டி இல்லை, உடுப்பும் சாப்பாடும் இல்லாத சகோதரனும் சகோதரியும். அளவுகோலை அடுத்தவர் மேல் வைப்பது போதகருக்கும் ஆகாது.

கேள்வி: சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் யாக்கோபு நிருபத்தையே நீக்கிவிட்டாரே?

பதில்: நீக்கவில்லை. தான் ஜெர்மனில் மொழிபெயர்த்த 1522 புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் வைக்கோல் நிருபம் என்றார், பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரி இல்லை. அதே புத்தகத்தில் ரோமருக்கான முன்னுரையில், விசுவாசத்தால் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்றும் எழுதினார்.

கேள்வி: ஆனால் அதைப் புதிய ஏற்பாட்டின் கடைசிக்குத் தள்ளினாரே?

பதில்: தள்ளினார், எபிரெயர், யூதா, வெளிப்படுத்தலோடு சேர்த்து. அது தவறு என்பதே என் எண்ணம். ஆனால் நீக்கியதாகச் சொல்லாதீர்கள். 1999-இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும், நற்கிரியைகள் நீதிமானாக்கப்படுவதைத் தொடர்ந்து வரும் கனிகள் என்றே சொல்கிறது. லூத்தரைப் பற்றி இத்தோடு போதும்.

கேள்வி: அப்படியானால் சிலுவையில் இருந்த கள்ளன்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பத்து வருடமாக ஒரே பாவத்தில் விழுந்து எழுகிறேன். என் விசுவாசம் பொய்யா, ஐயா?

பதில்: சகோதரி, கட்டளைகளைக் கைக்கொள்ளாதவன் பொய்யன் என்கிற 1 யோவான் 2:4 உங்களைப் பயமுறுத்தியிருக்கும். மூன்று வசனம் முன்னால் போங்கள்: பாவம் செய்தால் பிதாவிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்று அதே யோவான்தான் எழுதுகிறார். விழுந்தது உங்களுக்கு வலிக்கிறது, செத்த விசுவாசத்துக்கு வலிக்காது. தனியாகப் போராட வேண்டாம், நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரியிடம் இந்த வாரமே பேசுங்கள்.