எட்டு கார்டு, பத்து புள்ளி: ரெஸ் அர்கானா கேள்வி பதில்

ஞாயிறு சாயங்காலம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிக்கு ரெஸ் அர்கானா ஆட வருகிறவர்கள் கேட்ட சந்தேகங்கள் இவை. ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் உதவட்டும் என்று சேர்த்து எழுதுகிறேன். 2019-இல் வந்த கார்டு ஆட்டம் இது; பத்துப் புள்ளி சேர்ப்பதுதான் குறி. வடிவமைத்தவர் தாமஸ் லேமன். 'ரேஸ் ஃபார் த கேலக்ஸி'யும் அவர் செய்ததுதான்.

அண்ணா, எட்டே எட்டு கார்டை வெச்சு என்ன என்ஜின் கட்ட முடியும்? (காட்பாடி மாணவர்)

எட்டு தாராளம் தம்பி. என்ஜின் என்றால் ஒன்றுக்கொன்று உதவி எசென்ஸைப் பெருக்கும் கார்டு கூட்டம்தானே. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, தங்கம் என ஐந்து வகை எசென்ஸ், அதாவது செலவுக்கான சிறு காய்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று. அதைக் கொடுத்துத்தான் கார்டை இறக்குகிறோம். இறங்கிய கார்டு சுற்றுக்குச் சுற்று எசென்ஸ் தரும், இல்லையென்றால் ஒரு நிறத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் தரும்.

ஆட்டம் தொடங்கும் முன்பே உன் எட்டையும் நீ பார்த்துவிடலாம். பார்த்து, கிடைத்த இரண்டு மேஜில் (மந்திரவாதி கார்டு) ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கலைத்து மூன்றைக் கையில் எடுக்கிறோம். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் அவசரப்படுத்தக்கூடாது என்பது எங்கள் மாடியின் சட்டம். எட்டையும் வரிசையாகப் பரப்பு. எது எசென்ஸ் தருகிறது, எது தின்கிறது என்று பார். நடுவில் இருக்கும் பிளேஸ் ஆஃப் பவர்களில் (எசென்ஸ் கொடுத்துப் பிடிக்கிற, புள்ளி தருகிற இடங்கள்) எதற்கு உன் நிறங்கள் ஒத்துப்போகின்றன என்று தேடு. பத்துப் புள்ளி எந்த வழியாக வரும் என்று அப்போதே வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் பாதி ஆட்டம் முடிந்தது.

எனக்கு எசென்ஸ் குவியுது, ஆனா ஒவ்வொரு தடவையும் தோத்துப் போறேன். (குடியாத்தம்)

உங்கள் ஊர்க்காரருக்குத் தறியை வைத்தே சொல்கிறேன். பாவு ஓட்டிக்கொண்டே இருந்தால் லுங்கியை எப்போது அறுத்து விற்பது? இது நாலைந்து சுற்றில் முடிகிற ஆட்டம். மூன்றாவது சுற்றில் இன்னொரு எசென்ஸ் கார்டை இறக்கினால், அது போட்ட முதலைத் திருப்பித் தருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நான்கு தங்கம் சேர்ந்ததும் ஒரு மான்யுமென்ட் (புள்ளி தரும் கார்டு) வாங்குங்கள், அல்லது பிளேஸ் ஒன்றைப் பிடியுங்கள். மிச்ச எசென்ஸுக்குப் புள்ளி கிடையாது.

வேண்டிய கார்டு கடைசிவரைக்கும் வரலை. அதிர்ஷ்டம்தானே சார்?

ஓரளவுக்கு. கணக்கைப் பாருங்கள்: கையில் மூன்று, பாஸ் (இந்தச் சுற்றில் இனி ஆடவில்லை) சொல்லும்போது ஒன்று. வேறு வழியில் கார்டு எடுக்காவிட்டால் ஐந்து முறை பாஸ் சொன்ன பிறகுதான் எட்டாவது கைக்கு வரும். அதனால் ஒரே கார்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாஸ் சொல்லும்போது மேஜிக் ஐட்டத்தையும் (ஆளுக்கு ஒன்றாக வைத்திருக்கும் உதவிக் கார்டு) மாற்றுகிறோம் இல்லையா, அங்கே டிவினேஷன் என்ற ஐட்டம் இருந்தால் எடுங்கள். மூன்று கார்டு எடுத்து மூன்றைக் கழிக்கலாம்.

இன்னொன்று. நல்ல கார்டாக இருந்தாலும் இப்போது இறக்க முடியாவிட்டால் கழித்துவிடுங்கள். ஒரு தங்கம், அல்லது மற்ற நிறங்களில் இரண்டு கிடைக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் படத்தைப் பார்த்து மயங்கி, விலை உயர்ந்த டிராகன் கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு தோற்பதை வாராவாரம் பார்க்கிறேன். மனசு வராதுதான், ஆனால் அந்த இரண்டு எசென்ஸில்தான் முதல் சுற்று ஓடும்.

9 புள்ளி இருந்தும் தோத்துட்டேன் அண்ணா. எங்கே தப்பு? (ராணிப்பேட்டை)

எனக்கும் இது நடந்திருக்கிறதும்மா. எனக்கு 9, எதிரில் இருந்த மாமாவுக்கும் 9. தங்கம் மூன்று கையில் இருந்தது. இன்னும் ஒன்று சேர்த்து மான்யுமென்ட் வாங்கிவிடலாம் என்று ஒரு கார்டைப் படுக்கவைத்தேன் (அதன் பலனை எடுக்கத் திருப்பி வைத்தேன்). அவர் உடனே பாஸ் சொல்லி முதல் ஆட்டக்காரர் டோக்கனை எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு புள்ளி. என் மான்யுமென்டும் வந்தது, 11 ஆனது. அந்த முறை தப்பித்தேன். ஆனால் நான்காவது தங்கம் கிடைக்காமல் போயிருந்தால் அவர் 10, நான் 9. உங்களுக்கு நடந்தது அதுதான். ஒன்பதுக்கு வந்ததும் முதலில் பாஸ் சொன்னால் வெற்றி வருமா என்று பாருங்கள். டோக்கன் ஒருவருக்குத்தான்.

டிராகன் அடிச்சா என் பொண்ணு அழறா. டிராகன் இல்லாம ஆடலாமா?

தாராளமாக எடுத்து வைத்துவிடுங்கள் அக்கா. பெட்டியில் ஆர்ட்டிஃபாக்ட் (ஆளுக்கு எட்டாகத் தரும் கார்டு) 40, இரண்டு பேருக்கு 16 போதும். பிறகு சேர்க்கும்போது, பச்சை எசென்ஸ் இரண்டைக் கையில் வைத்திருக்கப் பழக்குங்கள். டிராகன் பச்சையைத்தான் பறிக்கும். பச்சை இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு இரண்டு போகும், அதுதான் வலிக்கும்.

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் போகிற இரண்டு மணி நேரத்தில் முடியுமா?

பழகிய இரண்டு பேர் என்றால் இரண்டு ஆட்டம் கூட ஆடலாம். ஆனால் சீட்டில் வேண்டாம். கார்டைப் பரப்ப இடம் போதாது, ஜன்னல் காற்று வேறு. எங்கள் மாடியிலேயே ஆடிக்காற்றுக்கு ஒவ்வொரு பிளேஸ் மீதும் கூழாங்கல் வைத்துத்தான் ஆடுகிறோம்.

நீல எசென்ஸ் நாலு தொலைஞ்சு போச்சு.

தையல்காரரிடம் நீல பட்டன் கேளுங்கள், கொடுப்பார்.